ஊருக்குப் பொதுவான நுண்ணோக்கி

பெங்களூரின் பெல்லாரி சாலையில், வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் வயலையும் தோப்பையும் தாண்டிப் போனால் வருகிறது என்.சி.பி.எஸ். எனப்படும் தேசிய உயிரியல் அறிவியல் மையம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெங்களூர்ப் பிள்ளை. இப்படிப்பட்ட இடங்களில் ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கு எரியும் அறைகளைவிட விளக்கு அணைந்த அறைகளில்தான் மும்முரமாக வேலை நடக்கும். கன்ஃபோகல் நுண்ணோக்கி வைத்திருக்கும் அறை இருட்டாக இருக்க வேண்டும். குளிராகவும் இருக்க வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போட்ட ஒரு மாணவர். எதிரே திரையில் பச்சையும் சிவப்புமாக ஒரு செல். அவர் ராத்திரியில் உட்கார்ந்திருப்பதற்கு ஆர்வம் மட்டுமே காரணம் அல்ல. பகல் நேரத்தையெல்லாம் மற்றவர்கள் முன்பதிவு செய்து முடித்துவிட்டார்கள்.

அந்த நுண்ணோக்கி அவருடையது அல்ல. அவருடைய பேராசிரியருடையதும் அல்ல. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பாத்தியதை உள்ள பொருள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கல்யாணம், காதுகுத்துக்கு எடுத்துப் போக ஊர்ப் பொதுவில் அண்டா, குண்டா, ஜமக்காளம் எல்லாம் வைத்திருப்பார்கள். யார் எடுத்தார், என்றைக்குத் திருப்பினார் என்று ஒரு நோட்டு இருக்கும். அண்டா திரும்பி வரும்போது புதிதாக ஒரு நசுங்கல் இருக்கும். நசுக்கியது யார் என்று நோட்டில் இருக்காது. பல கோடி ரூபாய் லேசர் நுண்ணோக்கியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய லென்ஸ் ஒன்று, எண்ணெய் படவே கூடாத லென்ஸ் ஒன்று. அவசரத்தில் ஒருவர் மாற்றித் திருகிவிட்டு, துடைக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலை வருகிறவருக்கு உலகமே மங்கலாகத் தெரியும். தன் செல்லில்தான் ஏதோ கோளாறு என்று அவர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

செல்களை எண்ணிப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் இன்னும் மோசம். தலைமுடி அகலமே உள்ள துளை வழியாக விநாடிக்கு ஆயிரக்கணக்கான செல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, லேசர் ஒளியின் குறுக்கே ஓடுகின்றன. வடிகட்டாத மாதிரியை ஒருவர் ஊற்றிவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். அடுத்தவர் பல வாரம் வளர்த்துக் கொண்டு வந்த செல்கள் குழாயிலேயே காத்திருந்து செத்துப் போகும். பொதுக் கருவிக்கூடங்களில் பயிற்சி முடிக்காதவரைத் தொடவிட மாட்டோம் என்று கறாராக இருப்பதைத் திமிர் என்று புது மாணவர்கள் நினைப்பதுண்டு. ஒருமுறை சொந்த மாதிரியைப் பறிகொடுத்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

இந்தியாவில் இது புதிய ஏற்பாடு அல்ல. ராமன் 1928இல் கண்டுபிடித்த ஒளிச்சிதறலுக்குச் சில நூறு ரூபாய்க் கருவிகளே போதும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை சில துறைகளில் நெடுநாள் தாங்கவில்லை. 1970களில் மூலக்கூறின் அமைப்பை அறிய வேண்டுமானால் என்.எம்.ஆர். கருவி வேண்டும், அதற்கு மின்தடையே இல்லாத காந்தம் வேண்டும், அந்தக் காந்தத்துக்கு மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம் வேண்டும். பல்கலைக்கழகம்தோறும் வாங்கி வைக்கிற பொருளா அது? பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் 1977இல் அப்படி ஒரு கருவி வந்தபோது, மற்ற ஊர்களின் வேதியியல்காரர்களும் பயன்படுத்தும் தேசியப் பொதுச் சொத்தாகவே அது வந்தது. சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களிலும் மண்டலக் கருவி மையங்களை மத்திய அரசு அந்தக் காலத்திலேயே தொடங்கியது. கருவி ஓரிடத்தில் இருக்கும், மாதிரிதான் பயணம் செய்யும் என்பது ஏற்பாடு. எத்தனையோ முனைவர் பட்டங்கள் தபாலில் போன சின்னக் கண்ணாடிக் குப்பிகளால் கிடைத்தவை.

கருவி மட்டும்தான் பொது என்பதும் இல்லை. என்.சி.பி.எஸ்ஸை உருவாக்கிய ஒபைத் சித்திக்கி (1932-2013) பழ ஈக்களை வைத்து ஆராய்ந்தவர். சூடு ஏறினால் முடங்கி விழுந்து, குளிர்ந்ததும் எழுந்து பறக்கும் ஈ வகைகளை 1970களில் அமெரிக்க விஞ்ஞானி சீமோர் பென்சருடன் சேர்ந்து ஆராய்ந்தார். நரம்பில் மின்சாரம் ஓடும் விதத்தைப் புரிந்துகொள்ள அந்த ஈக்கள் உதவின. பெங்களூர் மையத்தின் இன்றைய பொது வசதிகளில் ஈக்கூடமும் ஒன்று. நுண்ணோக்கியை அணைத்துவிட்டுப் போகலாம், ஈயை முடியாது. சாதாரணமாக உறைய வைத்துச் சேமிக்கவும் வழியில்லை. ஒவ்வொரு வகையையும் சில வாரத்துக்கொருமுறை புதுக் குழாயில், புது உணவில் மாற்றிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக. வேறு ஊர் ஆய்வாளர் தனக்கு வேண்டிய மரபணுவைக் கொடுத்தால், அதை ஈயின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தி வளர்த்துக் கொடுக்கும் சேவையும் இங்கே உண்டு. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள முட்டை. ஊசி போடும் கை நடுங்கக் கூடாது.

அதே வளாகத்தில் 2009இல் சி-கேம்ப் என்ற தனி அமைப்பும், ஸ்டெம் செல் ஆய்வுக்காக இன்ஸ்டெம் நிறுவனமும் வந்தன. மூன்றும் அக்கம்பக்கம், கருவிகளில் பெரும்பாலானவை கூட்டுக் குடும்பச் சொத்து. டி.என்.ஏ. வரிசை படிப்பது, புரதங்களை எடை போட்டு அடையாளம் காண்பது, செல்களைப் பிரிப்பது என்று வெளியாருக்கும் கட்டணத்துக்குச் செய்து கொடுப்பது சி-கேம்ப்பின் வேலை. கம்பெனிகளும் வரலாம். புரதத்தை நொடியில் உறைய வைத்து அணு அணுவாகப் படம் எடுக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி - 2017இல் அதற்காக மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது - தேசிய வசதியாக இந்த வளாகத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பு அப்படிப் படம் வேண்டியவர்கள் வெளிநாட்டு நண்பர்களின் தயவை நம்பியிருந்தார்கள்.

தயவு என்பது சின்ன விஷயம் அல்ல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து 2009இல் நோபல் பெற்றார். அப்போது அவர் வேலை பார்த்தது கேம்பிரிட்ஜின் எல்.எம்.பி. ஆய்வுக்கூடத்தில். மாக்ஸ் பெரூட்ஸ் 1962இல் தொடங்கி வளர்த்த அந்தக் கூடத்தில், கருவிகளைப் பகிர்ந்துகொள்வது ஆரம்பம் முதலே எழுதாத சட்டம். வெங்கியின் படிகங்கள் அதோடு நிற்கவில்லை. உறைந்த நிலையில் கடல் கடந்து சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆர்கான் ஆய்வகத்தின் எக்ஸ் கதிர் மையத்துக்குப் போயின. அதுவும் பொது வசதி. ஒதுக்கிய சில நாட்களுக்குள் ராப்பகலாக விழித்து வேலையை முடித்தாக வேண்டும். தமிழர் ஒருவர் வாங்கிய நோபல் என்று கொண்டாடியவர்கள், முறை வைத்து மணி பார்த்துக் காத்திருந்த அந்த இரவுகளையும் சேர்த்துக் கொண்டாடியிருக்கலாம்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. தென் மாவட்டம் ஒன்றில் ஒரு கலைக் கல்லூரி. அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் சாதாரண நுண்ணோக்கி உண்டு. ஒளியின் இயல்பு காரணமாக 200 நானோமீட்டருக்குக் கீழே அது எதையும் பிரித்துக் காட்டாது. அவளுக்கு வேண்டியது அதற்கும் கீழே இருக்கிறது. பெங்களூரில் கருவி உண்டு, கட்டணமும் அரசுக் கல்லூரி மாணவருக்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ராத்திரி பஸ்ஸில் கொண்டு வர வேண்டும். ஓசூர் தாண்டி டிராஃபிக்கில் நின்றால் ஐஸ் உருகும். ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் மாதிரி சரியில்லை என்று தெரியும். உள்ளூர் மாணவர் என்றால் மாடிக்குப் போய் மறுபடி தயாரித்து நாளை வருவார். இவள் அடுத்த முறைக்கு எப்போது வருவாள்? பகிர்வு என்கிற சொல்லில் பெரும் பங்கு பக்கத்து அறைக்காரருக்கே போய்விடுகிறது.

மத்திய அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2020 ஜனவரியில் பெங்களூரில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஐ-ஸ்டெம் என்ற இணைய வாசலைப் பிரதமர் தொடங்கி வைத்தார். எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே முன்பதிவு செய்யலாம். 2022இல் கருவிகளைப் பகிரவும் பராமரிக்கவும் தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. நல்ல காரியங்கள்தான். ஆனால் அட்டவணையில் கருவியின் பெயர் இருப்பதும் அது ஓடுவதும் ஒன்றல்ல. வாங்கும்போது பணம் தாராளமாக வரும், ரிப்பன் வெட்டுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். மூன்றாம் வருடம் உத்தரவாதம் முடியும். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கம்பெனி கேட்கும் தொகையைப் பார்த்து நிதிப்பிரிவு மயங்கி விழும். லேசர் செத்துப் போன கருவிக்கு நெகிழித் துணி போர்த்தி வைத்திருக்கும் கல்லூரிகள் நாடெங்கும் உண்டு. போர்வை மாத்திரம் சுத்தமாக இருக்கும்.

பொதுக் கூடத்தைக் காப்பாற்றுவது கடைசியில் ஆள்தான். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து லேசரைச் சூடேற்றி, லென்ஸைத் துடைத்து, முந்தின இரவின் பாவங்களைக் கண்டுபிடித்து, புது மாணவருக்கு நூறாவது முறையாக அதே பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் ஆள். படம் நன்றாக வராததற்குக் காரணம் கருவியா, சாயமா, ஆய்வாளரின் கேள்வியே தப்பா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவரில்லாமல் வெளிவந்திருக்க முடியாத கட்டுரைகளில் அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கடைசியில் ஒரு நன்றி வரி. சில சமயம் அதுவும் கூடத்தின் பெயருக்குத்தான். பல நிறுவனங்களில் இவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். ஐந்து வருடம் பழகிய கை தனியார் கம்பெனிக்குப் போய்விட்டால், கருவி அங்கேயே இருக்கும், கூடம் போய்விடும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் நாட்டில், பிறர் கட்டுரைகளுக்காக உழைத்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை எந்தக் குழுவும் உருப்படியாகத் தீர்க்கவில்லை.

2020 மார்ச் கடைசியில் நாடே அடைபட்டபோது ஆய்வுக்கூடங்களும் பூட்டப்பட்டன. ஆராய்ச்சி நின்றது, கூடங்கள் நிற்கவில்லை. எலிகளுக்குத் தீனி வைக்க வேண்டும். காந்தங்களுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். விட்டால் ஹீலியம் வேகமாக ஆவியாகித் தீரும், காந்தம் கெடும். ஈக்களுக்குக் குழாய் மாற்ற வேண்டும். அனுமதிச் சீட்டை போலீஸிடம் காட்டி, காலியான சாலைகளில் சிலர் வேலைக்கு வந்து போனார்கள். ஜி.கே.வி.கே. வளாகத்தில் கொரோனா பரிசோதனைக் கூடமும் அந்த வருடமே இயங்கத் தொடங்கியது. ஆய்வுக்காகக் கற்றிருந்த ஆர்.டி.-பி.சி.ஆர். வேலையை, மாணவர்களும் ஊழியர்களும் தன்னார்வலர்களாக வந்து ஊராரின் சளி மாதிரிகளுக்குச் செய்தார்கள்.