யார் நிரூபிப்பது?

கேளுங்கள் சகோதரி, இந்தக் கதையை. புதுச்சேரி குபேர் அங்காடியில் (எங்களுக்கு என்றும் அது பெரிய மார்க்கெட்தான்) சுரைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பையில் போன் சிணுங்கிற்று. என் கணக்கிலிருந்து எட்டாயிரத்து நானூறு ரூபாய் போய்விட்டதாம்! அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்கென்று வைத்திருந்த பணம்.

அங்கேயே நின்று வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கினேன். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டது சுரைக்காய்க்காரி கொடுத்த காகிதத்தில்! 1930-க்கும் சொன்னேன். பத்து நாளில் வங்கியின் பதில் வந்தது: ‘ஓ.டி.பி. எண்ணை நீங்களே யாரிடமோ சொல்லியிருப்பீர்கள். பணம் தர இயலாது.’

சொல்லாததைச் சொல்லவில்லை என்று எப்படி நிரூபிப்பது? நீங்களே சொல்லுங்கள்! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகுதான் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். தவறு வாடிக்கையாளருடையது என்றால், அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்றது அது! நம் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் திருடியிருந்தால், தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை என்றிருந்தது. 90 நாளுக்குள் முடிவும் சொல்லியாக வேண்டும் என்றிருந்தது.

அந்த வரிகளை அப்படியே எழுதி, ‘நிரூபியுங்கள், இல்லையேல் ஆம்பட்ஸ்மனிடம் போவேன்’ என்று சேர்த்து, நேரில் கொடுத்து முத்திரையும் வாங்கினேன். மூன்றாம் வாரம் பணம் வந்தது, போன தேதியிட்டே. அப்படித்தான் வரவு வைக்க வேண்டுமென்று அதே சுற்றறிக்கை சொல்லியிருந்தது.

“வட்டிகூடப் போகவில்லையா!” என்று பாஸ் புத்தகத்தைத் துருவினாள் அம்மா, பழைய கண்ணாடியோடு.