நம்ம வண்டி இஞ்சின்டா!

ஆன்சைட் வந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன் மக்களே. போன சனிக்கிழமை எங்க டீம் பெருசு ஒருத்தர் தன்னோட 1967 எம்.ஜி.பி. கார்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனார். ரெண்டே சீட்டு, கூரையை மடக்கி வெச்சிருந்தார். உக்காந்தா ரோட்டுலயே சம்மணம் போட்ட மாதிரி இருக்கு. நம்மூரு ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணு போதும், ஜோலி முடிஞ்சுது :-)

1962-ல வந்த வண்டி. இங்க பக்கத்துல அபிங்டன்ல 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. ஸ்போர்ட்ஸ் கார்னதும் ராக்கெட்டுன்னு நினைச்சுடாதீங்க. 1798 சிசி, சுமாரா 95 குதிரை சக்தி. இன்னிக்கு சில மாருதியிலயே அதைவிட ஜாஸ்தி. இஞ்சினும் தனியா செஞ்சது இல்ல. பி.எம்.சி. கம்பெனி தன்னோட குடும்ப கார்களுக்குப் போட்ட பி-சீரீஸைப் பெருசாக்கி, ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் மாட்டிட்டாங்க. இருக்கிற கோடை வெச்சே சூப்பரா ஒரு அப்ளிகேஷன் பண்ற மாதிரி. அதனாலதான் சம்பளக்காரனும் வாங்க முடிஞ்சுது, எந்த மெக்கானிக்கும் கை வைக்க முடிஞ்சுது. (1974-ல அமெரிக்க ரூலுக்காக கறுப்பு ரப்பர் பம்பர் வெச்சு, உயரத்தையும் ஏத்தினாங்க. அதைப் பத்திப் பேசினா பெருசு டென்ஷன் ஆயிடுறார்.)

வீட்டுக்கு வந்து இஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தார். மதுரையில இருக்கிற அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இருபது வருஷம் அம்பாசடர் டாக்சி ஓட்டினவர். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "டேய், இது நம்ம வண்டி இஞ்சின்டா" அப்படின்னார்.

நான் சிரிச்சேன். பெருசு சிரிக்கல. அம்பாசடரே இந்த ஊரு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதானாம். அப்பா வண்டியில இருந்த 1489 சிசியும் இதே பி-சீரீஸ். எம்.ஜி.பி.க்கு முன்னாடி, 1955-ல வந்த எம்.ஜி.ஏ.வுல அதே 1489 சிசிதான் இருந்துச்சாம்.

நான் பத்தாவது படிக்கிறப்போ, 2013-ல, அடியெல்லாம் துருப்பிடிச்சு அப்பா வண்டி காயலான் கடைக்குப் போச்சு. இஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த டப்பாவுல வந்து இறங்க வெட்கப்பட்டு, கடைசி வருஷம் பூரா ஸ்கூலுக்கு முந்தின தெருவுலயே இறங்கிக்குவேன். அப்பா ஏன்னு கேட்டதே இல்ல.

இங்க எம்.ஜி.பி. துருப்பிடிச்சா முழு பாடியே புதுசா கிடைக்கும். பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, 1988-லேர்ந்து செஞ்சு விக்கிறாங்க. அப்பாகிட்ட சொன்னேன்.

"முழு பாடியுமா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "டாப்பட் ஒண்ணு லூசா இருக்கு, அவர்கிட்ட சொல்லு" அப்படின்னார்.

சொன்னேன். பெருசு ஃபீலர் கேஜ் எடுக்க உள்ள ஓடினார்.