ஒட்டின இடம் எங்க?

போன வருசம் சோழகம் எழும்பின நேரம் நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து ஒரு பழைய கைட் வாங்கினோம். பலகையில் நின்றுகொண்டு, பெரிய பட்டம் ஒன்று இழுக்க இழுக்கக் கடலுக்கு மேலால் ஓடுற விளையாட்டு இருக்கே, கைட்சேர்ஃபிங், அதுக்கான சாமான். ஒன்பது சதுர மீற்றர் கைட், அதைத் திருப்புற பார், நாலு கயிறு, இடுப்பில் கட்டுற ஹார்னஸ், ஓரம் தேய்ஞ்ச ஒரு போர்ட். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபா. மகாபொலக் காசு, ரியூசன் குடுத்த காசு, எங்களில் ஒருத்தி அடகு வைச்ச காப்புக் காசு. வீட்டில் யாருக்கும் முழு விலை சொல்லவில்லை.

கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்களுக்கு இது என்ன தேவையில்லாத வேலை என்று கேட்கலாம். எங்கட ஊர் நறுவிலிக்குளம். வங்காலைக் கடல் சைக்கிள் தூரம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் சோழகம் நிற்காமல் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நட்டு, 2020 மார்கழியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அதே காற்றுக்காக வெளிநாட்டு ஆக்கள் கற்பிட்டிக்கும் தலைமன்னாருக்கும் வந்து கைட் ஓடிவிட்டுப் போகிறார்கள். எங்களில் ஒருத்தன் ஒரு சீசன் கற்பிட்டியில் கைட் முகாம் ஒன்றில் வேலை செய்தவன். வந்தவர்களுக்குக் காற்றடித்துக் குடுத்து, கைட்டைத் தூக்கிவிட்டு, பின்னேரங்களில் தானும் பழகினான். ஊருக்கு வந்து ஒரே கதை: "எங்கட கடலில எங்களிட்ட ஒரு கைட் இல்லையே மச்சான்."

புதுசு வாங்க வழியில்லை. கைட் மட்டுமே ஆயிரம் டொலருக்கு மேல். 2022 இல் டொலர் ஏறின ஏற்றத்துக்குப் பிறகு அந்தக் கணக்கை நாங்கள் பார்க்கிறதே இல்லை. அதனால் பழசு. பழசு என்றால் எங்கேயோ ஒரு இடத்தில் திருத்தினதாகத்தான் இருக்கும்.

விற்றவர் நல்லாக் கதைச்சார். "சின்ன ரிப்பேர் ஒண்டு செய்தது. இப்ப புதுசு மாதிரி." நாங்களும் தலையாட்டினோம். என்ன ரிப்பேர், எங்கே, யார் செய்தது என்று நாலு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏற்றிவிடுவாரோ, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடிச்சிடுவாரோ என்ற பயம். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று பஸ் மாறி மாறி அந்தப் பையை மடியில் வைச்சுக்கொண்டு வந்தோம். ஊர் வந்து சேர இருட்டிப்போச்சு.

அடுத்த நாளே கடலுக்குப் போனோம். கற்பிட்டியில் பழகினவன்தான் ஹார்னஸ் கட்டினான். கைட் எழும்பினது. நாங்கள் மூன்று பேரும் கத்தின கத்தலில் வள்ளங்களுக்குக் கிட்ட நின்ற நாய்கள் ஓடிப்போச்சுதுகள். ஒரு ஐந்து நிமிசம் இருக்கும். பின்கயிறு ஒன்று அறுந்தது.

பின்கயிறுகள் இரண்டாலும்தான் கைட்டைத் திருப்புவது. ஒன்று அறுந்தால் மற்றது மட்டும் இழுக்க, கைட் ஒரே பக்கமாகச் சுழன்று சுழன்று இழுக்கத் தொடங்கும். சோழகம் எங்கட கரையில் கடலிலிருந்து தரைக்கு அடிக்கிற காற்று. அவனை மணலுக்கு மேலால் இழுத்துக்கொண்டு, வரிசையாக ஏற்றி வைச்சிருந்த பைபர் வள்ளங்களை நோக்கிப் போனது. இப்படி நேரத்தில் கைட்டை விடுவிக்க, பாருக்குக் கீழே ஒரு பிடி இருக்கும். தள்ளினால் கழரும். அவன் தள்ளினான். கழரவில்லை. உள்ளுக்குள் உப்பும் மணலும் இறுகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டு கையாலும் குத்தித் தள்ளினபோதுதான் திறந்தது. கைட் ஒற்றைக் கயிற்றில் துடித்து விழுந்தது. வள்ளத்துக்கும் அவன் தலைக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கிற தூரம்.

முதுகு முழுக்க உரிஞ்சுபோய் அவன் சிரிச்சான். எங்களில் ஒருத்தி அழுதாள். மற்றவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்தார். அறுந்த கயிற்றை எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது ஆர் போட்ட முடிச்சு?"

"தெரியாது ஐயா. வாங்கேக்கையே இருந்திருக்கு போல."

"விக்கேக்க சொல்லேல்லையோ?"

"சின்ன ரிப்பேர் எண்டு சொன்னவர்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன்ர வலையைக் காட்டிச் சொன்னார்: "இதில பாதி நான் பொத்தினது. ஆனா எந்தக் கண்ணை எப்ப பொத்தினன் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் இதை நம்பிக் கடலுக்குப் போறன்."

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் பாயை விரிச்சு, வாங்கும்போது செய்திருக்க வேண்டிய வேலையைத் தொடங்கினோம். முதல் கயிறு. நாலையும் ஒரு பனையில் கட்டி, மறுமுனையில் பாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். நாலும் ஒரே நீளம் வர வேண்டும். முன்கயிறுகள்தான் கூடப் பாரம் தாங்குபவை, ஓட ஓட அவை நீண்டுவிடும். இங்கே அவை நீண்டிருந்தன. அதோடு, பின்கயிறு ஒன்று முன்னமே அறுந்து, நடுவில் முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்தார்கள். இந்த வகை மெல்லிய கயிறு முடிச்சு விழுந்த இடத்தில் பாதிப் பலத்தை இழந்துவிடும். அப்படியான கயிற்றை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிறகு காற்று. கைட்டின் முன் விளிம்பில் தடித்த குழாய் ஒன்று ஓடும். உள்ளே ஒரு ரியூப். பிரான்ஸ் நாட்டு லெகெனு சகோதரர்கள் 1984 இல் காப்புரிமை எடுத்த யோசனை அது. காற்றடைச்ச எலும்பு இருப்பதால் கைட் தண்ணியில் விழுந்தாலும் மிதக்கும், திரும்ப எழுப்பலாம். அந்தக் காற்றுப் போனால் அது வெறும் ஈரச் சீலை. நாங்கள் இரவு இறுக்கக் காற்றடிச்சு வைச்சோம். விடிய வாடின பாகற்காய் மாதிரிக் கிடந்தது. ரியூப்பை உருவி எடுத்து, சைக்கிள் கடையில் செய்வதுபோலச் சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்த்தோம். மூன்று இடத்தில் பழைய ஒட்டு. மூன்றும் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுகிற ஒட்டு. சைக்கிள் ரியூப் றப்பர், இது வேற பிளாஸ்ரிக். அந்தப் பசை இதில் சரியாகப் பிடிக்காது. ஓரம் எல்லாம் எழும்பி நின்றது.

கடைசியாகச் சீலை. பெரிய வெள்ளை ஸ்ரிக்கர் ஒன்று அழகாக ஒட்டியிருந்தது. வாங்கும்போது அதைப் பார்த்து "ஸ்ரைலா இருக்கு" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். உரித்தால் கீழே ஒரு சாண் நீளக் கிழிசல். தைக்கவேயில்லை, ரேப் மட்டும்.

இதிலே எங்களுக்குக் கோபம் வந்தது கிழிசலுக்கு இல்லை. எங்கட ஊர்ப் பெயரே நறுவிலி மரத்தால் வந்தது. பசை வாங்கக் காசில்லாத நாளில் நறுவிலிப் பழத்தைப் பிதுக்கித்தான் பட்டத்தாள் ஒட்டினது என்று அம்மம்மா சொல்லுவா. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அப்படித் திருத்தித் திருத்திப் பாவிச்ச ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். ஒட்டுப்போட்ட சாமான் எங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒட்டை ஸ்ரிக்கரால் மூடி வைச்சால், அதை நம்பி ஏறுகிறவனுக்கு எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று தெரியாமல் போகும். சோழகத்தில் என்றபடியால் கரைக்கு இழுத்தது. இதே மார்கழி வாடையில் நடந்திருந்தால்? வாடை எங்கட கரையில் கடலுக்குத்தான் தள்ளும்.

திருத்த ஒரு மாதம் போனது. கற்பிட்டி நண்பன் பழைய முகாமில் கெஞ்சி, சரியான ஒட்டும் கைட் சீலைத் துண்டும் எடுத்தான். நானாட்டானில் தையல்காரர் ஒருவர் கிழிசலின் இரண்டு பக்கமும் துண்டு வைச்சு, வளைஞ்சு வளைஞ்சு போற தையல் போட்டார். நேர்த்தையல் போட்டால் சீலை இழுபடும்போது நூல் அறுந்துவிடும் என்று அவரே சொன்னார். கைட்டை அவர் அதுக்கு முதல் கண்டதில்லை. கயிறு நாலும் புதுசு. விடுவிக்கிற பிடியை நல்ல தண்ணியில் ஊறவைச்சுக் கழுவி, மாமரத்தில் கொளுவி, ஒருத்தர் ஹார்னஸில் தொங்க மற்றவர் தள்ளிப் பார்த்தோம். ஒரு கையால், பாரம் இருக்கும்போதே, ஒரே தள்ளில் திறக்க வேண்டும். இருபது தரம் திறந்த பிறகுதான் விட்டோம்.

அந்தச் சீசன் முழுக்க ஓடினோம். நாலு பேரும் பழகினோம்.

மாசியில் வேற பிரச்சினை வந்தது. காப்பு மூழ்கப்போகுது. கைட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அப்போதுதான் எங்களுக்குள் சண்டை. ஒருத்தன் சொன்னான்: "தையலுக்கு மேல ஒரு ஸ்ரிக்கரை ஒட்டுவம். நாங்கதான் வடிவாத் திருத்தியிருக்கிறமே. சொன்னா ஆர் வாங்குவினம்?" அவன் கெட்டவன் இல்லை. மணலில் இழுபட்டவனே அவன்தான். காப்பு அவன்ர தங்கச்சியுடையது. இரண்டு நாள் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கவில்லை.

கடைசியில் ஒரு கொப்பித் தாளில் எல்லாம் எழுதினோம். கிழிசல் எங்கே, எவ்வளவு நீளம், தைத்தது எப்போது, ரியூப்பில் ஒட்டு எத்தனை, கயிறு எப்போது மாற்றினது. காப்புக்காரிதான் முதலில் பேனையை எடுத்தாள். முதல் வந்தவர் தாளைப் பார்த்தார். "இவ்வளவு ஒட்டோ?" என்றுவிட்டுப் போனார். அன்றிரவு யாரும் வடிவாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது வந்தவன் தலைமன்னார்ப் பக்கம், எங்கட வயசு. பையைத் திறக்க முதலே கேட்டான்: "ஒட்டின இடம் எங்க?" தாளைக் குடுத்தோம். வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தான். இரவு காற்றடிச்சு வைச்சுவிட்டு எங்கட வீட்டிலேயே படுத்தான். விடிய எழும்பித் தட்டிப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. எண்பதாயிரம் தந்தான். காப்பு திரும்பிவிட்டது, மற்றவர்களுக்கு நட்டம்தான்.

போன கிழமை அவன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். எங்கட கொப்பித் தாள், ஈரம் பட்டுச் சுருங்கிப்போய். எங்கட எழுத்துக்குக் கீழே வேற மையில் ஒரு வரி: "வால்வடியில் மெல்லக் கசிவு. புது ஒட்டு போட்டது."