பச்சை மீனும் பழைய கருவாடும்

உலகத்து மக்கள் மொழியாலும் உடையாலும் வேறுபடுகின்றனர். உணவாலோ அவற்றினும் மிகுதியாக வேறுபடுகின்றனர். பிறர் மொழியைக் கேட்டு நகைப்போர் சிலர். பிறர் உடையைக் கண்டு வியப்போர் சிலர். பிறர் உணவைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்வோரோ பலர். இவ்வருவருப்பு இயற்கையில் அமைந்ததோ, பழக்கத்தால் வந்ததோ என்னும் ஐயம் என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்தது. சென்ற கோடை விடுமுறையில் சிங்கப்பூரில் உண்ட ஒருவேளை உணவு அவ்வையத்தைப் போக்கிற்று. அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

அந்நகரில் கப்பற் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் என் அண்ணனைக் காணச் சென்றிருந்தேன். அவர் ஒருநாள் மாலை என்னை எளியதொரு சுஷிக் கடைக்கு அழைத்துச் சென்றார். சுஷி என்பது, காடி கலந்த சோற்றைச் சிறு கவளமாகப் பிடித்து, அதன்மேல் மீன் துண்டு முதலியவற்றை வைத்துத் தரும் ஜப்பானிய உணவு. கடையின் நடுவே நீண்டதொரு பட்டை ஓயாது சுற்றி வருகின்றது. அதன்மேற் சிறு தட்டுகள் நம்முன் ஊர்ந்து செல்லும். விரும்பியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். தட்டின் நிறமே விலையை அறிவிக்கும். உண்டு முடிந்தபின் வெறுந்தட்டுகளை எண்ணிக் கணக்கிடுவர். தொழிற்சாலையில் பீர்ப் புட்டிகள் பட்டைமேல் நகர்வதைக் கண்ட ஷிராய்ஷி யோஷியாக்கி என்பார், அம்முறையைத் தழுவி 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் இத்தகைய கடையை முதன்முதல் ஏற்படுத்தினார். குறைந்த ஆட்களைக் கொண்டு பலருக்கு மலிவாக உணவளிப்பதே அவர் கருத்து.

குச்சிகளால் உண்ண அறியாது தயங்கினேன். "தம்பி, இதைக் கையாலேயே உண்ணலாம்; ஜப்பானியரும் அவ்வாறு உண்பதுண்டு" என்றார் அண்ணன். நம் வழக்கம் அவ்வூரிலும் வழக்கமாதல் கண்டு மனம் தெளிந்தேன். சோறு சிறிது புளித்திருந்தது. மீனோ குளிர்ந்து, வெண்ணெய்போல் மென்மையாயிருந்தது. உடன் வைத்த பச்சைநிற விழுதின் காரம் நாவைச் சுடாமல், கடுகின் காரம்போல் மூக்கில் ஏறிற்று.

பச்சை மீனை உண்ணல் தகுமோ என்று அன்பர் வினவலாம். கிருமிகள் மடியும்பொருட்டு மீனைப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் 7 நாள் வைத்தல் போன்ற விதிகள் பல நாடுகளில் உள. இன்று சுஷிக் கடைகளில் மிகுதியாக விற்கும் சால்மன் மீனையும் ஜப்பானியர் முன்னாளில் பச்சையாக உண்டிலர். தம் கடலின் சால்மனில் புழுக்கள் உண்டென அஞ்சினர். 1980-களில் நார்வே நாட்டார் தாம் பண்ணையில் வளர்த்த மீனைக் கொணர்ந்து, பல்லாண்டு முயன்று அவ்வச்சத்தைப் போக்கினர். ஒரு தலைமுறை ஒதுக்கியதை அடுத்த தலைமுறை விரும்பி உண்கின்றது.

இவ்வுணவின் வரலாறு இன்னும் வியப்புடையது. சுஷி கடற்கரையிற் பிறந்ததன்று. நெல்வயல் சூழ்ந்த உள்நாட்டில், நன்னீர் மீனைக் கெடாது காக்கும் வழியாகத் தோன்றியது என்று அறிஞர் கருதுவர். பீவா ஏரிக்கரையில் இன்றும் மீனை உப்பிட்டுச் சோற்றிற் புதைத்து, ஓராண்டும் அதற்கு மேலும் புளிக்க விடுகின்றனர். அதன் நாற்றம் மிகக் கடியது. சோற்றிற் காடி கலந்து அப்புளிப்பை உடனே பெறும் முறை பின்னர் வந்தது. இற்றை வடிவமாகிய கவளமோ 1820-களில் எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், பரவியது. அந்நாளில் அது தெருக்கடைகளில் விரைந்து உண்ணும் எளியோர் உணவு.

நிற்க. இறுதியில் ஒரு கிண்ணத்தில் சூடான சாறு வந்தது. ஒரு மிடறு பருகியவுடன் அண்ணனும் யானும் ஒருவரையொருவர் நோக்கினோம். "மாசி!" என்றேன். அண்ணன் நகைத்தார். சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரம்போல் இறுகும்வரை உலர்த்திச் சீவி, வெந்நீரிலிட்டு வடிப்பதே அச்சாற்றின் உயிர். மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் செய்து, இலங்கையில் சம்பலிற் சேர்க்கும் மாசிக் கருவாடும் அதே சூரை மீனே; செய்முறையும் ஏறக்குறைய அஃதே.

அச்சுவையை யாங்கள் அறிந்தமைக்குக் காரணம் உண்டு. எங்கள் அப்பத்தா திருமங்கலம் சந்தையில் நாற்பது ஆண்டு கருவாடு விற்றவர். எம்மூரோ கடலினின்று ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குண்டாறும் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். உப்பும் வெயிலும் இல்லையேல் கடல்மீன் எம்மவர்க்குக் கிட்டாது. மதுரையில் கூடையை நிரப்பித் திரும்புங்கால் பஸ்ஸில் அவரை ஏற்ற மறுத்த நாள்கள் பல. ஏற்றிய நாளிலும் கடைசி இருக்கையே அவர்க்கு உரியது. முன்னிருந்தோர் மூக்கைப் பொத்திக்கொள்வர். அக்கூடையே எம் இருவரையும் படிக்கவைத்தது. அன்றிரவு அக்கடையில் யாங்கள் கொடுத்த தொகைக்கு அத்தகைய கூடையொன்றை நிறைத்திருக்கலாம். ஆயின் ஆண்டு மூக்கைப் பொத்தினார் ஒருவரும் இலர்.

ஊர் திரும்பி இதனை அப்பத்தாவிடம் உரைத்தேன். "பச்சையாகவா தின்கிறார்கள்? அந்த ஊரில் விறகு இல்லையா?" என்று கேட்டார். சாற்றின் செய்தியைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாதிருந்து, "மாசி அங்கே என்ன விலைக்குப் போகிறது?" என்றார். விலையைக் கேட்டதும் அவர் முகத்தில் தோன்றியது வியப்பன்று. தம் சரக்கின் மதிப்பை முன்னரே அறிந்திருந்த வணிகரின் நிறைவு.

நாற்றம் என்பது பொருளில் மட்டும் இல்லை. அதனைச் சுமப்பவர் யார் என்பதிலும் உளது. பளிங்குத் தட்டில் வந்தால் நறுமணம், பனையோலைக் கூடையில் வந்தால் துர்நாற்றம் என்பது நாவின் தீர்ப்பன்று, செருக்கின் தீர்ப்பு. யோப்பா பட்டணத்து மேல்வீட்டில் பசியோடிருந்த பேதுரு கண்ட தரிசனம் உணவைப் பற்றியதாகத் தோன்றிப் பின் மனிதரைப் பற்றியதாக முடிந்ததை நம் மாணவர் அறிவர். அவரும் மீன் பிடித்தவரே. அயல்நாட்டார் உணவை அன்போடு சுவைக்கக் கற்போர், அதே அன்பைப் பஸ்ஸின் கடைசி இருக்கைக்கும் நீட்டுவாராக.