கறள் காலிலிருந்து ஏறும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி ஓட்டமாவடியைத் தாண்டி வடக்கே போகப்போகக் கடலை நெருங்குகிறது. காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை என்று ஊர்கள் வரிசையாக வரும். கிழக்கே வங்கக் கடல், பனிச்சங்கேணியில் களப்பு. இந்தப் பக்கத்தில் வீதியோரமாக நிற்கிற எந்தப் பலகையையும் குனிந்து பாருங்கள். முகத்தில் எழுத்து நன்றாகவே இருக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கால் மட்டும் செதில் செதிலாக உரிந்து, விரலால் தட்டினால் உதிரும்.

பலகை செய்யச் சொல்லி வருகிறவர் முதலில் கேட்பது முகத்தைப் பற்றித்தான். என்ன நிறம், என்ன படம், பிரின்ற் எப்படி வரும். செய்து பழகியவரின் கண் அங்கே நிற்பதில்லை. எங்கே நிறுத்தப் போகிறீர்கள், கடல் எவ்வளவு தூரம், கீழே மணலா சல்லியா, இரவில் உள்ளே எடுப்பீர்களா என்று அவர் கேட்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் இரும்பா மரமா என்ற பேச்சு.

கடல் எவ்வளவு தூரம் என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கியூர் பீச் என்ற கரையில் உலோகங்களை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வைத்துப் பரிசோதிக்கும் களம் 1935 முதல் இயங்கிவந்தது. அலைக்கரையிலிருந்து 24 மீற்றரில் வைத்த சாதாரண உருக்கு, 240 மீற்றரில் வைத்ததைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக அரிபட்டது. ஆகவே மாங்கேணியில் கடற்கரை விடுதியின் வாசலில் நிற்கும் பலகையும் உள்ளே தள்ளி வீதிச் சந்தியில் நிற்கும் பலகையும் ஒரே ஊர்ப் பலகைகள் என்றாலும் ஒரே சாமானால் செய்யக்கூடியவை அல்ல.

பலகை ஏன் பெரிதாக வேண்டியிருக்கிறது? 70 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் நான்கு விநாடியில் ஏறத்தாழ 80 மீற்றர் ஓடிவிடும். அவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க எழுத்து 20 சென்ரிமீற்றராவது உயரம் வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டால் 4 அடிக்கு 6 அடி தானாகவே வந்துவிடும்.

அந்த அளவு வந்தவுடன், நிலத்தில் புதைக்காமல் நிறுத்துகிற பலகையிடம் காற்று கணக்குக் கேட்கத் தொடங்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று இந்த 24 சதுர அடியை நேராக அடித்தால் தள்ளும் விசை ஏறத்தாழ 46 கிலோ எடைக்குச் சமம். பலகையின் நடு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருந்து, கால்கள் 3 அடி அகலத்தில் நின்றால், சாயாமல் இருக்க எல்லாம் சேர்த்து 120 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். காலை 4 அடிக்கு அகட்டினால் 90 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போதும். ஆனால் அகட்டிய கால் நடப்பவரின் இடத்தைப் பிடிக்கும்; நடப்பவர் தார் வீதியில் இறங்குவார். அகட்டுவதைவிட எடை போடுவதே நல்லது. ஒரு கன மீற்றர் கொங்கிரீட் ஏறத்தாழ 2400 கிலோ. ஆகவே தூக்கக்கூடிய அளவில் இரண்டு மூன்று கட்டிகள் வார்த்து, காலின் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார வைத்தால் கணக்கு முடிந்தது. வார்க்க ஆற்று மணல்தான் வேண்டும். பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடல் மணலைப் போட்டால் அதிலுள்ள உப்பு உள்ளே வைத்த கம்பியைத் தின்று, கட்டி வெடிக்கும். சாக்கில் கடல் மணல் நிரப்பிக் காலில் சாத்தி வைப்பது அதைவிடக் கெட்டது. ஈர உப்பை இரும்போடு சேர்த்துக் கட்டி வைத்ததாகும்.

100 கிலோமீற்றர் காற்றில் விசை கிட்டத்தட்ட மும்மடங்காகும். அதற்கும் நிற்கிற பலகையைச் செய்யலாம். பிறகு அது நகர்த்தக்கூடிய பலகையாக இருக்காது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. புயல் எச்சரிக்கை வந்தால் முகத்தை மட்டும் கழற்றி உள்ளே வைக்க வழி செய்வதுதான் சரி. நான்கு போல்ட், ஒரு ஸ்பனர். முகம் இல்லாத சட்டத்தைக் காற்று ஊடுருவிப் போய்விடும். காற்று மட்டுமல்ல, கட்டாக்காலி மாடுகளும் உண்டு. பலகையின் மூலையில் கழுத்தை உரசிச் சொறிவது அவற்றுக்குப் பிடிக்கும். மூலைகளை வளைத்து விட்டால் மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் காயம் வராது.

இனிச் சட்டம். ஹாட்வெயாரில் வாங்குகிற கல்வனைஸ் பொக்ஸ் பார் பளபளவென்று இருக்கும். அதன் மேலுள்ள நாகப் பூச்சு மெல்லியது, பெரும்பாலும் 20 மைக்ரோன் அளவு. உருகிய நாகத்தில், ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில், செய்து முடித்த சட்டத்தையே முக்கியெடுத்தால் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கின் மேல் சராசரி 70 மைக்ரோன் பிடிக்கும். உப்புக் காற்றுக் கரைகளை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிர்ணயம் சி5 என்று வகுக்கிறது. அங்கே நாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை கரையும். வகுத்துப் பாருங்கள். கடைப் பூச்சு இரண்டரை முதல் ஐந்து வருஷம். முக்கியெடுத்தது எட்டு முதல் பதினாறு வருஷம். இந்த ஒரு வகுத்தலை வாடிக்கையாளர் முன்னால் ஒற்றையில் செய்து காட்டினால் விலை பற்றிய பேச்சு பாதியாகக் குறையும்.

அந்த மெல்லிய பூச்சும் வெல்டிங் பட்ட இடத்தில் எரிந்து போகிறது. மூட்டின் இரு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இரும்புதான். மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்தால் கண்ணுக்கு மறையும், உப்புக்கு மறையாது. உரசிச் சுத்தம் செய்து நாகத்தூள் நிறைந்த பெயின்ற் இரண்டு கோட் அடிக்க வேண்டும். பொக்ஸ் பாரின் உட்பக்கம் இன்னொரு தொல்லை. ஸ்க்ரூத் துளையால் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடியில் தேங்கும். கறள் உள்ளேயிருந்து வெளியே வரும்போதுதான் தெரியவரும். மேல் முனையை அடைத்து, கீழே வடிதுளை விட வேண்டும். நாகத்தில் முக்க அனுப்புவதென்றால் இரு முனையிலும் துளை கட்டாயம். அடைத்த குழாயை உருகிய நாகத்தில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கும். தொட்டியருகில் நிற்பவரின் உயிர்ப் பிரச்சினை அது.

ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்கிறவர் பலகையைக் கெடுக்கிறார். அலுமினியத் தகட்டில் நாகம் பூசிய சாதாரண ஸ்க்ரூவைப் போட்டால் முதலில் நாகம் போகும், பிறகு தலை கறள் பிடிக்கும், அடுத்த மாரிக்குள் எழுத்தின் மேல் செங்கோடு வழியும். ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304 ரகத்தில் இந்தக் கரையில் தேநீர் நிறக் கறை படியும். 316 வேண்டும், அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டா. தலையில் பொறித்த ஏ4 என்ற குறிதான் அடையாளம். அதற்கு அடியில் நைலோன் வாஷர் ஒன்று.

மரத்தை மறந்துவிட்டது இந்தத் தலைமுறையின் பிழை. முதிரையும் பாலையும் நம் பக்கத்துக் காட்டு மரங்கள். நன்கு காய்ந்த சட்டத்துக்கு உப்பு பெரிய எதிரி அல்ல. கறையானுக்காகக் காலை நிலத்தில் நேரே வைக்காமல் கொங்கிரீட்டில் ஏற்றிவிட்டால் முதிரைச் சட்டம் மலிவான பொக்ஸ் பாரைவிட நெடுநாள் நிற்கும். அனுமதியோடு அரிந்த பலகையாக வாங்குவது முக்கியம். பிளைவூட் வேறு விஷயம்: மரைன் பிளை என்றாலும் அரிந்த ஓரத்தை எபொக்சியால் அடைக்காவிட்டால் ஒரு வாடைக்காலத்தில் ஏடு ஏடாக விரியும்.

முகத்துக்கு இப்போது எல்லோரும் போடுவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்ரிக் வைத்த கிளாடிங். இலேசானது, சமமானது, இந்த வேலைக்குக் குறை சொல்ல முடியாது. ஃபிளெக்ஸ் திருவிழாவுக்கோ சில மாதத்துக்கோ சரி. ஆனால் இந்தக் கரையில் ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கிற கைகள் இருக்கும்போது அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. நாள் முழுக்கக் கடலில் கிடக்கிற சாமான் ஃபைபர். சமமான கண்ணாடித் தகட்டின் மேல் ஜெல்கோட்டை நிறமாகவே ஊற்றி, மேலே கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் வைத்து எடுத்தால் கறள் என்ற பேச்சே இல்லாத முகம் கிடைக்கும். வெயிலில் மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளுக்கும்; மெழுகு தேய்த்தால் திரும்பும். நிறத்தில் மட்டும் கவனம். மலிவான சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், கறுப்பும் வெள்ளையும் காவியும் நிற்கும். தொலைபேசி இலக்கத்தைச் சிவப்பில் எழுதாதீர்கள்.

பணம் கட்டுமுன் பிரதேச சபையிடம் அனுமதி எடுங்கள். வீதி எல்லை எங்கே முடிகிறது என்பதை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலகை வந்து நின்ற பிறகு ஒரு வேலை மீதமிருக்கிறது, அது உங்களுடையது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழை வந்து உப்பைக் கழுவாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழை படுகிற முகத்தைவிட மழை படாத பின்பக்கத்திலும் காலின் உள்மடிப்பிலும்தான் உப்பு கூடுதலாகத் தங்கும். வாளியை முதலில் அங்கே கொண்டுபோங்கள்.