கதவு எண்ணும் போர்ட் எண்ணும்

சேலையூரில் புதிதாக வீடு தேடி வருகிறவர்கள் கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டியதும் போன் செய்துவிடுவார்கள். பத்திரத்தில் இருப்பது மனை எண், கதவில் இருப்பது வரி ரசீது எண். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்த எண் எந்த வீடு என்பது கொரியர் பையனுக்கு மட்டும் அத்துப்படி. அவன் மனதில் வைத்திருக்கும் அந்த அட்டவணையைத்தான் லினக்ஸ் கர்னல் 'கான்ட்ராக்' என்ற பெயரில் நினைவகத்தில் வைத்திருக்கிறது.

அகரம்தென் சாலைப் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு நெட்வொர்க் வேலையைப் பார்த்துக் கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கணினிகள், டேலி ஓடும் ஒரு சர்வர், அவ்வளவுதான். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, டெபியன் ஏற்றி, வாசலில் உட்கார வைத்திருக்கிறோம். ஒரு கார்டு ஃபைபர் மோடத்துக்கு, இன்னொன்று உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு.

192.168.1.23 என்ற கணினியிலிருந்து ஒருவர் ஜிஎஸ்டி தளத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். பாக்கெட் வாசலைத் தாண்டும்போது அனுப்பியவர் முகவரி அழிந்து, வெளியுலகுக்கு அலுவலகம் காட்டும் ஒரே முகவரி அதில் ஏறுகிறது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து, பழைய முகவரியைத் திரும்ப எழுதி உள்ளே தள்ளிவிடுகிறது கர்னல். இதற்கு வேண்டியது ஃபார்வர்டிங்கை இயக்குவதும், போஸ்ட்ரூட்டிங்கில் 'மாஸ்கரேட்' என்று ஒரு வரியும்தான். ஒரு டிசிபி இணைப்பு சும்மா கிடந்தாலும் அதன் பதிவை ஐந்து நாள் வரை அழிக்காமல் வைத்திருப்பது கர்னலின் வழக்கம். அவ்வளவு பொறுமை நம் ஊரில் எந்தக் கவுன்ட்டரிலும் கிடையாது.

முகவரி மாற்றுவது சுலபம். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று எழுதுவதில்தான் தலைவலி. லினக்ஸில் விதி எழுதும் ஐபிடேபிள்ஸிலும் அதற்குப் பின் வந்த என்எஃப்டேபிள்ஸிலும் மேலிருந்து கீழே படித்து, முதலில் எந்த விதி பொருந்துகிறதோ அதோடு அந்தச் சங்கிலியில் கதை முடிந்தது. ஓபன்பிஎஸ்டியின் பிஎஃப் இதற்கு நேர் எதிர்: கடைசியாகப் பொருந்துவதுதான் தீர்ப்பு; 'குவிக்' என்று எழுதினால் மட்டும் அங்கேயே நிற்கும். முதலில் இருந்த ஐபிஃபில்டரின் உரிமத்தில் தகராறு வந்து, அதைத் தூக்கிவிட்டு டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப்பை 2001 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0-இல் சேர்த்தார்கள். சண்டையில் பிறந்தாலும் படிக்க அதுதான் அழகு என்பது என் கட்சி. ஐபிடேபிள்ஸ் விதிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஆடிட்டர் கேட்டார்: "சார், தண்ணி நின்னா ஆபீஸ் வர முடியலை. சிட்லபாக்கத்துல வீட்ல உக்காந்தே டேலியைப் பாக்கிற மாதிரி ஒரு போர்ட்டைத் திறந்து விட்டுடுங்களேன்." ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐ ஊருக்கே திறந்து வைப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பது என்று சொல்லி, விபிஎன்னுக்கு மட்டும் ஒரு போர்ட்டை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பி விதி எழுதினேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே வரும் பாக்கெட்டின் முகவரி முதலில் மாற்றப்படுகிறது, தணிக்கை அதற்குப் பிறகுதான். எனவே ஃபார்வர்ட் விதியில் உள் முகவரியைத்தான் எழுத வேண்டும். வெளி முகவரியை எழுதினால் அது ஒருநாளும் பொருந்தாது.

எல்லாம் சரியாக எழுதியும் எதுவும் வரவில்லை. வெளிக் கார்டில் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தால் ஒரு பாக்கெட்கூட வாசலை எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கார்டின் முகவரியைப் பார்த்ததும் புரிந்தது: 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் முகவரி மாற்றம் செய்யவென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டவை. நம் பெட்டி ஒரு தரம் மாற்றியதை அவர்கள் பெட்டி இன்னொரு தரம் மாற்றுகிறது. எத்தனையோ வீடுகளுக்குச் சேர்த்து வெளியே ஒரே முகவரி. சில தளங்கள் 'நீங்கள் ரோபோவா' என்று நம்மை ஓயாமல் விசாரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிரந்தர முகவரி வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.

முகவரி மாற்றத்தை 1994-இல் எழுத்தில் முன்வைத்த எகேவாங்கும் பால் பிரான்சிஸும் அதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் சொன்னார்கள். ஐபிவி4-இல் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். உலகுக்கே முகவரி பங்கிடும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஆப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் போட ஆரம்பித்தது. தற்காலிகமாகப் போட்ட பந்தல் முப்பது வருஷமாக நிற்கிறது. அதன் விளைவு, நம் வீட்டிலிருந்து வெளியே போகலாம், வெளியார் யாரும் நம் வீட்டுக்கு வர முடியாது. பலர் இதையே பாதுகாப்பு என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறார்கள். அது அட்டவணையில் பதிவு இல்லாததால் தானாக அமைந்த தடை. யாரும் யோசித்துப் போட்ட பூட்டு அல்ல.

இது முக்கியமாவது ஐபிவி6 வந்த பிறகுதான். 2016-இல் ஜியோ வந்த பின் ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. அதில் முகவரிப் பஞ்சம் இல்லை, எனவே மாற்றமும் தேவையில்லை. ஒவ்வொரு கணினிக்கும் சொந்தமாக ஒரு பொது முகவரி. ஆடிட்டரின் விபிஎன் கடைசியில் அந்த வழியில்தான் வேலை செய்தது. ஆனால் ஐபிடேபிள்ஸில் எழுதிய எந்த விதியும் ஐபிவி6 பாக்கெட்டைத் தொடாது. அதற்கு ஐபி6டேபிள்ஸ் தனி. முன்வாசலில் பூட்டு, பின்வாசல் விரியத் திறப்பு என்று எத்தனையோ சர்வர்கள் இப்படித்தான் ஓடுகின்றன. என்எஃப்டேபிள்ஸில் 'ஐநெட்' என்று அட்டவணை போட்டால் இரண்டுக்கும் ஒரே விதி. பயத்தில் ஐசிஎம்பிவி6-ஐ ஒட்டுமொத்தமாக அடைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிப்பதே அதன் மூலமாகத்தான்.

சர்வர் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். வீட்டு ரூட்டரின் அமைப்புகளுக்குள் போய் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.