குவிமாடத்தின் கழுத்து

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படம் வந்தது. நீயும் உன் தோழியும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், பின்னால் தங்க நிறக் குவிமாடம். ‘சிங்கப்பூர்ல 200 வருஷப் பழைய அரபு ஸ்டைல் மசூதி. உள்ளே விடுவாங்களான்னு தெரியல, வெளியிலேயே பாத்துட்டு வந்துட்டோம்’ என்று கீழே எழுதியிருந்தாய். இரண்டு வரியில் மூன்று பிழை. பரீட்சைத் தாளில் உன் அப்பாவும் இப்படித்தான். போனில் திருத்தினால் பாதியில் ‘மீட்டிங் இருக்கு பெரியப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வயது. சுல்தான் மசூதி என்கிற அந்தப் பள்ளிவாசலுக்கு 200 வயது, நீ பார்த்த கட்டடத்துக்கு அதில் பாதிதான். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ், சுல்தான் ஹுசைன் ஷாவோடு ஒப்பந்தம் போட்டு அந்தத் தீவில் கால் ஊன்றினார். பிறகு ஊருக்குத் திட்டம் வரைந்தபோது சுல்தானின் குடும்பத்துக்கும் அவருடைய ஆட்களுக்கும் ஒதுக்கிய பகுதி கம்போங் கிளாம். அங்கே பள்ளிவாசல் கட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி 3,000 டாலர் கொடுத்தது. 1824-ல் தொடங்கி 1826-ல் முடித்தார்கள். அதில் குவிமாடமே கிடையாது. ஒரே தளம், மேலே கூம்பாக ஏறும் இரண்டு அடுக்குக் கூரை, அவ்வளவுதான். ஜாவாவின் பழைய மசூதிகளும் பெரும்பாலும் இப்படி அடுக்குக் கூரைதான். மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர் வழிந்தோடுகிற கூரை போடுவதுதானே புத்தி?

நூறு வருஷத்தில் அது தளர்ந்துவிட்டது, இடமும் போதவில்லை. அந்தக் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றுத் தீவுகளிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சிங்கப்பூர் வந்துதான் கப்பல் ஏறுவார்கள். நீங்கள் இருவரும் நின்று படம் எடுத்த பஸ்ஸோரா தெருவில்தான் கப்பலுக்காகக் காத்துக் கிடப்பார்கள். ஹாஜிகள் கிராமம் என்ற பொருளில் அந்தத் தெருவுக்கு மலாயில் ஒரு பெயரே இருந்தது. 1924-ல், பழைய பள்ளிக்கு நூறு ஆன அதே வருஷம், புதிதாகக் கட்டத் தீர்மானித்தார்கள். தொழுகை நின்றுவிடக் கூடாது என்பதால் பகுதி பகுதியாகக் கட்டி, 1932-ல்தான் வேலை முழுசாக முடிந்தது. கட்டடம் மக்காவை நோக்கி நிற்க வேண்டும், சாலைக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆகவே நார்த் பிரிட்ஜ் சாலைதான் அந்த இடத்தில் வளைந்து கொடுத்தது. பஸ்ஸில் போகும்போது கவனி.

இரண்டாவது பிழை, அந்த ‘அரபு ஸ்டைல்’. படித்ததும் சிரித்துவிட்டேன். கயல், அந்த வெங்காயக் குவிமாடத்தை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய்! பாரிமுனையில் இறங்கினால் எதிரே நிற்கிற ஹைகோர்ட்டில் இல்லையா? கடற்கரைச் சாலையில் சிஷோம் துரை கட்டிய பல்கலைக்கழகச் செனட் ஹவுசில் இல்லையா? இந்தோ-சாரசனிக் என்று இதற்குப் பெயர். ஆர்க்காட்டு நவாபுக்காக 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைத்தான் இந்தப் பாணியின் முதல் கட்டடம் என்று பலரும் சொல்கிறார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. முகலாயர் விட்ட இடத்தில் தாங்கள் ஆள்வதாகக் காட்டிக்கொள்ள இதைவிட வசதியான சட்டை ஏது? நீதிமன்றம், ரயில் நிலையம், கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டை அப்படியே கப்பலேறி மலாயாவுக்கும் போயிற்று. கோலாலம்பூரில் இரண்டு ஆறு கூடும் இடத்தில் இருக்கிற ஜாமிக் மசூதியை 1909-ல் திறந்தார்கள், அதுவும் இதே பாணி. சுல்தான் மசூதியை வரைந்தவர் டெனிஸ் சான்ட்ரி என்ற அயர்லாந்துக்காரர், தென்னாப்பிரிக்காவில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர். அவர் வேலை பார்த்த ஸ்வான் அண்ட் மெக்லாரன் கம்பெனிதான் ராஃபிள்ஸ் ஹோட்டலையும் வடிவமைத்தது.

உத்தியோக காலம் முழுவதும் பழைய கட்டடங்களின் மராமத்துக்குப் படம் போட்டவன் நான். அந்த வளைவுகளை டிரேசிங் தாளில் எத்தனை தடவை இழுத்திருப்பேன்! பிரியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது வேஷம் என்பது தெரியும். பள்ளிவாசல் என்றால் குவிமாடம் வேண்டும் என்ற எண்ணமே பிற்பாடு வந்ததுதான். கீழக்கரைக்கு ஒருமுறை உன்னை அழைத்துப்போக வேண்டும். அங்கே பழைய ஜும்மா பள்ளியில் கல் தூண்கள் வரிசையாக நிற்கும், கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று உனக்கே ஒரு நிமிஷம் தோன்றும். கல்லுப்பள்ளி என்பார்கள். நம் ஊர்த் தச்சன் நம் ஊர்க் கல்லில் தனக்குத் தெரிந்ததைக் கட்டினான், தொழுகிறவர்களும் குறை சொல்லவில்லை. சிங்கப்பூரிலும் தெலுக் ஆயர் தெருவில் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் 1827-ல் முதலில் போட்டது ஒரு குடிசைதான். அதனால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று தமிழிலேயே பெயர் விழுந்தது. இன்று அல்-அப்ரார் மசூதி என்று பலகை இருக்கும். உன் ஆபீஸ் பக்கம்தான், பார்த்தாயோ இல்லையோ.

சுல்தான் மசூதியிலும் நம்மவர்களுக்குப் பங்கு உண்டு. முதலில் நிர்வாகம் சுல்தானின் வாரிசுகளிடம் இருந்தது, பிறகு சமூகப் பெரியவர்களிடம் வந்தது. 1914-ல் அரசாங்கம் நிலக் குத்தகையை 999 வருஷத்துக்கு நீட்டித்தபோது புதிதாகப் பன்னிரண்டு அறங்காவலர்களைப் போட்டார்கள். மலாய்க்காரர், ஜாவாக்காரர், புகிஸ்காரர், அரபிகள், தமிழர், வட இந்தியர் என்று வகைக்கு இரண்டு பேர். பெயரில் சுல்தான் இருந்தாலும் கணக்கு வழக்கு அந்தப் பன்னிரண்டு பேர் கையில். கல்யாணக் கமிட்டியில் நாலு பேர் ஒத்துப்போகாத நமக்கு இது பெரிய விஷயம்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. குவிமாடம் உட்கார்ந்திருக்கிற கழுத்துப் பகுதியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். கீழிருந்து பார்த்தால் கறுப்பு மணி கோத்த அட்டிகை மாதிரி இருக்கும். மணி இல்லை அது, கண்ணாடி பாட்டில்களின் அடிப்பாகம். பள்ளிவாசலுக்குப் பணம் திரட்டியபோது காசு கொடுக்க முடியாத ஏழைகளிடம் காலி பாட்டில்களை வாங்கிக்கொண்டார்கள். சோயா சாஸ் பாட்டில் மாதிரி அடுப்படியில் உருண்டு கிடப்பவை. கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி, பணக்காரன் பெயரும் இருக்கட்டும், இல்லாதவன் பங்கும் இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். அதை அஸ்திவாரத்தில் புதைக்கவில்லை, கொல்லைச் சுவரில் ஒட்டவும் இல்லை. ஊரே அண்ணாந்து பார்க்கிற இடத்தில், தங்கத்துக்கு நேர் கீழே வரிசையாகப் பதித்தார்கள். வரைபடம் லண்டன் வழியாக வந்த முகலாயக் கனவு. அந்தப் பட்டைதான் கம்போங் கிளாமின் சொந்தச் சரக்கு என்பது என் கட்சி.

மூன்றாவது பிழை, நீ உள்ளே போகாமல் திரும்பியது. தாராளமாகப் போகலாம். நானும் பெரியம்மாவும் அங்கே வந்தபோது விவரம் தெரியாமல் வெள்ளிக்கிழமை மதியம் போய் நின்றோம். ஜும்மாவுக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்திருந்தது, பார்வையாளர்களுக்கு அன்று அனுமதி இல்லை. எதிரே கடையில் முர்தபா சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். (பெரியம்மா அந்த முர்தபாவை இன்னும் மறக்கவில்லை. நான் பாதியைத் தின்றதையும் மறக்கவில்லை.) மறுநாள் காலையில் போனோம். செருப்பைக் கழற்றினால் போதும், ஒருவரும் மதம் கேட்கவில்லை. கையும் காலும் மூடாமல் வருகிறவர்களுக்கு நீள அங்கி வைத்திருக்கிறார்கள், இலவசம்தான். பெரியம்மாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். “என்னங்க, எனக்குப் பொன்னாடை போத்திட்டாங்க” என்று அதோடுதான் சுற்றி வந்தாள்.

தொழுகைக் கூடத்தின் விரிப்பில் நாம் கால் வைப்பதில்லை. ஓரத்தில் நின்றே பார்க்கலாம், அதுவே போதும். ஒரு தூணோரம் வயசானவர் ஒருவர் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே காமிராவும் கையுமாக அத்தனை கூட்டம், உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும். பள்ளிவாசலுக்கு வந்தேன் என்று அப்போதுதான் தோன்றியது. 1975-லேயே அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். அதற்காக அது காட்சிப் பொருளாகிவிடவில்லை, ஐந்து வேளையும் ஆள் வருகிறார்கள். தொழுகை நேரம் தவிர்த்துப் போ. கோயிலில் நடை சாத்தியிருக்கும்போது நாம் காத்திருப்பதில்லையா, அது மாதிரிதான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் போய்விட்டு வா. வரும்போது குவிமாடத்தின் கழுத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் எடுத்து அனுப்பு. நீ அனுப்பியதில் அந்த இடத்தை உன் தோழியின் கொண்டை மறைக்கிறது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா